ஷவ்கத் ஹாஜியின் ஸ்டென்ட்

தன் இரத்தக்குழாயை ஊருக்குப் பொதுச்சொத்தாக எழுதிவைத்துவிட்ட மனிதர்களைப் பார்த்திருக்கிறீர்களா? எகிப்தின் அலெக்சாந்திரியாவில் காப்பிக்கடைக்கு ஒருவராவது இருப்பார். எங்கள் கடைக்கு வாய்த்தவர் ஷவ்கத் ஹாஜி, சுங்கத்துறையில் ஓய்வு பெற்றவர். மீன் விலை, மருமகள், மழை என்று யார் எதைப் பேசினாலும் அதை வளைத்து இழுத்துத் தன் இதயக்குழாய் அடைக்காமலிருக்கப் பொருத்தியிருக்கும் ஸ்டென்டில் கொண்டுவந்து சேர்த்து, கைபேசியில் பழைய ஸ்கேன் படத்தை விரித்து, எதிரே இருப்பவரின் காப்பி ஆறி அவலாகும்வரை விடமாட்டார்.

"இதயம்னா என்னன்னு நினைச்சே? எல்லாம் குழாய் வேலைடா!"

மருத்துவர்களா? அவருக்கு அவர்கள் சின்னப் பசங்க.

அப்படிப்பட்டவருக்கு மாடியேறும்போது நெஞ்சு இறுகத் தொடங்கியது. ஸ்டென்ட் மறுபடி அடைத்திருந்தால் நெஞ்சைத் திறக்கவேண்டியிருக்கும் என்றார் மருத்துவர். இதை மட்டும் காப்பிக்கடையில் ஹாஜி மூச்சுவிடவில்லை. இந்த மனிதர் சொல்லாமல் விழுங்கும் விஷயமும் உண்டா என்று மனைவி இன்ஷிராஹுக்குக் கிலி பிடித்துவிட்டது.

அடைப்பைப் பார்க்க மருத்துவமனையில் இருந்தது ஸ்டென்டின் உட்புறத்தையே துல்லியமாகக் காட்டும் புது சி.டி. ஸ்கேன் இயந்திரம். துடிப்பைத் தணிக்க மாத்திரை கொடுத்துப் படுக்கவைத்தார்கள். ஊசிவழி மருந்து ஏறி உடம்பெல்லாம் சூடு பரவியது. "மூச்சை இழுத்து நிறுத்துங்கள்" என்றது இயந்திரத்தில் பதிந்துவைத்த பெண்குரல். ஒருவர் ஒன்றைச் செய்யச் சொன்னால் பதில் பேசாமல் கிடப்பது எங்கள் ஊரில் மரியாதையா?

"இன்ஷா அல்லாஹ், மகளே!" என்றார் ஹாஜி.

படம் கலங்கிப் போயிற்று.

ஸ்கேன் எடுக்கும் நெர்மீன் தலையில் கைவைத்தாள். "ஹாஜி, அது மெஷினு! அதுக்கெல்லாம் பதில் சொல்லாதீங்க."

"ஒரு பொம்பளப் பிள்ளை பேசுது, ஊமையாட்டம் கெடக்கச் சொல்றியா?"

"ஆமா! மருந்தை இன்னும் ஒரு தடவைதான் ஏத்த முடியும். இதுவும் கெட்டா இன்னிக்கு ஒண்ணும் தெரியாது."

கதவருகில் நின்ற இன்ஷிராஹின் குரல் உடைந்தது. "ஏங்க, கொஞ்ச நேரம் வாயை மூடுங்க. உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் தனியா என்ன பண்ணுவேன்?"

மறுபடி அந்தக் குரல் வந்தது. ஹாஜி உதட்டைக் கடித்துக்கொண்டார். பேச்சு நின்றதும், இத்தனை வருஷமாகப் பேசிப் பேசியே துரத்திவைத்திருந்த பயம் வந்து நெஞ்சின்மேல் உட்கார்ந்துகொண்டது. அவருக்குச் சாக விருப்பமில்லை. அழுகையாக வந்தது, அசையக்கூடாதே என்று அதையும் அடக்கிக்கொண்டார்.

ஸ்டென்ட் நன்றாகத் திறந்திருந்தது. அடைப்பு இல்லை. நெஞ்சை இறுக்கியது தினமும் காலையில் அளவில்லாமல் அடித்துவந்த அவரை மசியலின் வாயு என்றார் மருத்துவர். இன்ஷிராஹ் அங்கேயே அழுதுவிட்டாள்.

மறுநாள் காப்பிக்கடையில் புதுப் படம் விரிந்தது. "எப்பேர்ப்பட்ட கேஸ் பாரு! மெஷினே மொதல் தடவை தோத்துப்போச்சு!"

சிரியுங்கள், தாராளமாகச் சிரியுங்கள். ஆனால், 'இதெல்லாம் ஒரு நெஞ்சுவலியா, என் கதையைக் கேளுங்கள்' என்று உங்கள் நாக்கு நுனியில் ஒன்று துடிக்கிறதே, அதற்குள் இருப்பது எத்தனை வருஷத்துப் பயம்?