பன்றிக்கு முன்னுரிமை

யூ ஆற்று அணையில் படகுகளை ஏற்றி இறக்கும் நீர்க்கதவு ஒன்றுதான். சரக்குப் படகுகளோ ஆற்று வளைவு தாண்டியும் வரிசை கட்டி நின்றன. கதவு அதிகாரி வெய் தாலினுக்குச் சோறு இறங்கவில்லை. மாகாணத்துப் பெரிய அதிகாரி ஆற்று வழியாகவே பார்வையிட வருகிறார். வரிசை கரையாவிட்டால் மலைக்காட்டுக்கு மாற்றல் நிச்சயம். மகளின் பள்ளிக்கூடமும் மனைவியின் துணிக்கடையும் இந்த ஊரில்தான் இருந்தன.

கீரை அழுகுகிறது, பன்றி இளைக்கிறது என்று புகார் வந்ததால், அந்தச் சரக்குகளுக்கு முதலிடம் என்று வெய் உத்தரவு போட்டார். தலைவலி போய்த் திருகுவலி வந்தது. மறுநாள் நிலக்கரிப் படகு, சிமெண்ட் படகு எல்லாவற்றிலும் படகுக்கொரு பன்றி நின்றது.

ஒரு மணல் படகுக்காரரைப் பிடித்துக் கேட்டார்.

"இது என்னய்யா?"

"உயிருள்ள சரக்குங்க."

"அப்ப இவ்வளவு மணல்?"

"அது பன்னி படுக்கறதுக்கு."

படகு படகாக ஏறிச் சோதிக்க ஆள் போட்டார். சோதனை முடிவதற்குள் வரிசை இன்னொரு வளைவு நீண்டது. காது கிழிந்த பன்றி ஒன்று காலையிலிருந்து படகு மாறி மாறிப் பயணம் செய்வதாகச் சோதனைக்காரர்கள் வந்து சொன்னார்கள். விசாரித்தால், வரிசைப் படகுகளுக்குத் தோணியில் நூடுல்ஸ் விற்கும் மோ அக்காவின் வேலை அது. அக்கா நூடுல்ஸை மூட்டை கட்டிவிட்டுப் பன்றிகளை வாடகைக்கு விட ஆரம்பித்திருந்தாள். அணைக்கு அந்தப் பக்கம் இறக்கிக்கொண்டு வந்து, இந்தப் பக்கம் வேறு படகில் ஏற்றினாள்.

வெய்க்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பன்றியோடு வரும் படகு எதுவானாலும் வரிசைக் கடைசிக்குப் போக வேண்டும் என்று ஒலிபெருக்கியில் கத்தினார். கெஞ்சியவர்களையும், தாங்கள் யார் என்று சொல்ல வந்தவர்களையும் காது கொடுத்துக் கேட்காமல் துரத்தினார். திரும்பிய படகுகள் வருகிற படகுகளோடு முட்டி ஆறே அடைத்துக்கொண்டது.

மாலையில் வெய் புதுச் சட்டை மாட்டி, வரவேற்புப் பதாகையோடு படித்துறையில் காத்திருந்தார். பெரிய அதிகாரியைக் காணோம். மோ அக்காதான் தோணியில் வந்தாள்.

"பெரிய ஐயா வரட்டும்க்கா. உங்க பன்னி வியாபாரத்தைத்தான் முதல்ல சொல்லப் போறேன்."

மோ அக்கா துடுப்பை நிறுத்தினாள்.

"தாராளமா சொல்லுங்க. ஆனா அதுக்கு நீங்க வரிசைக் கடைசிக்குல்ல போகணும்? அவரும் காலையில எங்கிட்ட பன்னி வாடகைக்கு எடுத்தாரு, நீங்க துரத்தினதுலேருந்து அங்கதான் நிக்கறாரு."