ரெண்டரையார் எழுந்து நின்ற படலம்

வாழ்க எம் தலைவர். மை உலராப் பேனாவும் மடிப்புக் கலையாச் சட்டையும் பூண்டு, வெள்ளிதோறும் திரையரங்கப் பாசறை புகுந்து, வந்த படங்களுக்கெல்லாம் இரண்டரை நட்சத்திரம் அருளி, எடுத்தவனையும் நோகடிக்காமல் பார்த்தவனையும் பகைக்காமல் பத்திரிகையின் கடைசிப் பக்கத்தைக் காத்த நடுநிலைப் பெருமகன், தொழில் வட்டாரம் 'ரெண்டரையார்' என்று போற்றும் விமர்சகத் திலகம் வாழ்க. இடைவேளையில் வரும் இலவசத் தேநீரே, அவர் புகழ் பாட எமக்கு நாவன்மை தருக.

ஆயினும் அன்று அவர் தலைக்கு மேல் கத்தி தொங்கியது. காலையில் ஆசிரியர் அவரை அறைக்கு அழைத்துத் திருவாய் மலர்ந்திருந்தார்: "சார், இந்தப் படத்துக்கும் ரெண்டரைன்னு மழுப்பினீங்கன்னா, அடுத்த வாரத்துலேருந்து ராசிபலன் எழுதுங்க. நல்லதா கெட்டதா, ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

படமோ குருதிக் கடல். நாயகன் கொல்கிறான், ஏன் என்று கேட்டவனையும் கொல்கிறான், வாழ்க்கைக்கு அர்த்தமே இல்லை என்று முணுமுணுத்துவிட்டு, அதைக் கேட்டுக்கொண்டிருந்தவனையும் கொல்கிறான். எம் தலைவருக்கோ, சவரத்தில் கீறிச் சொட்டு ரத்தம் வந்தாலே தலைசுற்றும். திரையில் கத்தி உயர்ந்தால் பேனாவைக் கீழே நழுவவிட்டு, குனிந்து, காட்சி முடியும்வரை அதைத் தேடுவது அவர் நெடுநாள் பயின்ற போர்த்தந்திரம். இந்தப் படத்தில் கத்தி இறங்கவே இல்லை. ஆகவே பேனாவும் கிடைக்கவில்லை.

இருக்கைக்கடியில், பாப்கார்ன் சிதறிய அவ்விருட்கானகத்தில், தலைவர் இன்னொரு தலையைக் கண்டார். போட்டிப் பத்திரிகையின் இடியேறு, ஒற்றை வரியில் இயக்குநர்களைத் தூங்கவிடாமல் செய்யும் 'கிழிகிழியார்', ஷூ லேஸைக் கட்டியபடி, அவிழ்த்தபடி, மறுபடி கட்டியபடி அங்கே குந்தியிருந்தார். ஆண்டாண்டுகளாக அச்சில் மோதிய இருபெரு வேழங்கள் முகத்தோடு முகம் நோக்கின.

"பேனா விழுந்துருச்சு," என்றார் ரெண்டரையார்.

"லேஸ் அவுந்துருச்சு," என்றார் கிழிகிழியார்.

அப்போது மேலே சத்தம் நின்றது. படம் முடிந்ததா, அல்லது அடுத்த கழுத்துக்காகக் கத்தி தீட்டப்படுகிறதா என்பது இருவருக்கும் தெரியவில்லை. யார் தலை முதலில் உயர்வது என்ற மாபெரும் மரியாதைப் போர் மூண்டது.

"நீங்க சீனியர். நீங்களே பாத்து சொல்லுங்க."

"உங்களுக்குத்தான் பயமே கிடையாதுன்னு பேரு. நீங்க பாருங்க."

இங்ஙனம் விட்டுக்கொடுத்தலில் விட்டுக்கொடாது இருவரும் பொருதுகையில், தலைவரின் முழங்கால் மரத்தது. இன்று முடிவைக் காணாவிட்டால் நாளை மேஷத்துக்கு அலைச்சல், ரிஷபத்துக்குத் தனலாபம் என்று எழுதியே காலம் தள்ளவேண்டும் என்னும் எண்ணம் உந்த, வருவது வரட்டும் என்று கண்களை இறுக மூடிக்கொண்டு, முன்னிருக்கையைப் பற்றி, அவர் எழுந்து நின்றார்.

விளக்குகள் எரிந்தன. அரங்கிலிருந்த விமர்சகர் குழாமோ பேனாவைக் கடித்தபடி ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது. மூத்தவர் முகக்குறிப்பு அறியாமல் எவரும் வாய்திறப்பதில்லை என்பது அத்தொழிலின் எழுதாச் சட்டம். வெளிறிய முகத்தோடு, விழி மூடி நின்ற தலைவரை அவர்கள் கண்டார்கள்.

"ரெண்டரையாரே எழுந்து நின்னுட்டாருப்பா," என்றது ஒரு குரல். ஒருவர் எழுந்தார், பிறகு ஒரு வரிசை எழுந்தது, பிறகு அரங்கமே எழுந்து கைதட்டியது. சுற்றிலும் கால்களாக நிற்பதைக் கண்ட கிழிகிழியாரும் வெளியே வந்து, எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார்.

வாசலில் நகம் கடித்து நின்ற இயக்குநர் ஓடிவந்து தலைவரைக் கட்டிக்கொண்டு அழுதார். "கடைசி சீன் முடிஞ்சதும் நீங்க கண்ணை மூடிக்கிட்டு நின்னதைப் பாத்தேன் சார். எனக்கு அது போதும்."

மறுநாள் 'வெறுமையின் பெருங்காவியம்' என்று முழங்கி, வாழ்நாளில் முதன்முறையாக ஐந்து நட்சத்திரம் வழங்கினார் தலைவர். 'திரையிலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை' என்று எழுதினார் கிழிகிழியார். ராசிபலனிலிருந்து தப்பிய வெற்றிவேந்தர் வீடு திரும்பி, வாகைசூடி, சாப்பாட்டு மேசையில் அமர்ந்தார்.

படம் எப்படி இருந்தது என்று மனைவி கேட்டதற்கு, சத்தம் கொஞ்சம் அதிகம் என்றார்.