கோட்டை அண்ணே விமானம் ஏறினார்

மலேசியாவின் பேராக்கில் இருந்தபடியே இங்கிலாந்தின் கெண்ட் கடற்கரையைத் தனி ஆளாகக் காவல் காத்தவர் எங்கள் கோட்டை அண்ணே. பழைய ரப்பர்த் தோட்டக் குடியிருப்பிலிருந்து எங்களை ஈப்போவில் உள்ள கையுறைத் தொழிற்சாலைக்கு ஏற்றிப் போகும் பஸ்ஸின் ஓட்டுநர். அசல் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது.

அவருடைய ஒரே மகள் கெண்ட்டில், டீல் என்ற ஊரில் நர்ஸ். விடுமுறை கிடைத்தால் ஏதாவதொரு கோட்டைக்குப் போய்ப் படம் அனுப்புவாள். மகளை மனசு தேடுகிறது என்று சொல்ல அண்ணனுக்கு வாய் வராது. அதனால் கோட்டையைப் பற்றிப் பேசுவார்.

"டீல் கோட்டைய மேலருந்து பார்த்தா பூ மாதிரி இருக்கும்லா! அங்கருந்து வால்மர் கோட்டைக்கு நடந்தே போலாம். பாப்பா நடந்துச்சு, படம் இருக்கு."

ரோச்செஸ்டர் கோட்டைக்கு அடியில் சுரங்கம் தோண்டி, பன்றிக் கொழுப்பை வைத்துக் கொளுத்தி, ஒரு ராஜா அதன் மூலையைச் சாய்த்த கதையைச் சொன்ன அன்று, இரண்டு கைகளையும் தூக்கி, கோட்டையாகவே சரிந்து காட்டினார்.

"அடோய், ஸ்டீயரிங்கைப் பிடிங்கண்ணே!" என்று முன் சீட்டு ராணி அக்கா அலறினார். எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி.

"இவ்வளவு ஆசைன்னா நேர்ல போய்ப் பாருங்களேன்," என்றேன் நான்.

"சூசாலா தங்கச்சி, ரொம்பக் கஷ்டம். பிளேன்ல பிரேக் யாரு கால்ல இருக்குன்னே தெரியாது."

இப்படியே மூன்று வருடம் ஓடியது. ஒரு நாள் காலையில் போன் வந்தது. பஸ்ஸை ஓரங்கட்டி எடுத்தார். ஸ்பீக்கரில் மகளின் குரல் எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

"பொம்பளப் புள்ள பொறந்திருக்குப்பா. வாரீங்களா?"

கழுத்துத் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். பிறகு, "வாரேம்மா" என்றார். பஸ்ஸே கை தட்டியது.

ஆறு வாரம் கழித்துத் திரும்பியவரை மொய்த்துக்கொண்டோம்.

"டோவர் கோட்டை எப்படிண்ணே?"

"போகல."

"வால்மர்?"

"போகல."

"டீல் கோட்டை? வீட்டுக்குப் பக்கந்தானே?" என்றார் ராணி அக்கா.

"வாசல் வரைக்கும் போனேன். புள்ள என் நெஞ்சுல தூங்கிருச்சு. உள்ள போனா சத்தத்துல முழிச்சுக்கும்ல? திரும்பிட்டேன்."

ஈப்போ வரை அன்று கோட்டைக் கதையே இல்லை; ஒரு பீரங்கிகூட வெடிக்கவில்லை. சிவப்பு விளக்கில் நின்றபோது பார்த்தேன். அவருடைய இடது கை மட்டும் குழந்தையில்லாத மார்பைத் தட்டித் தட்டித் தூங்க வைத்துக்கொண்டிருந்தது.

போன வருடம் வேலையை விட்டுவிட்டு மறுபடியும் மகளிடம் போனவர், இன்னும் வரவில்லை. வரவும் வேண்டாம்; பேத்தியோடு இருக்கட்டும். புது ஓட்டுநர் தங்கமானவர். ஒரு நிமிடம் தாமதமில்லை, வாய் திறப்பதில்லை. அதே பஸ், அதே சாலை. ஈப்போதான் இப்போது ரொம்பத் தூரத்தில் இருக்கிறது.