பொய்க்குள் குடிபோன புரோக்கர்

பொய் சொல்லி மனை விற்றவர்கள் இந்த நாட்டில் ஆயிரம் பேர் இருப்பார்கள். சொன்ன பொய்க்குள்ளேயே பெண்டாட்டியோடும் கட்டில் பீரோவோடும் குடிபோன ஒரே மனிதர் எங்கள் ‘அஞ்சு நிமிஷம்’ மட்டும்தான்.

அவருடைய நிஜப் பெயர் என் மனைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்தாக இருக்கிறது. கோழி கிளறியது போன்ற அந்தக் கையெழுத்தை இதுவரை யாரும் படித்ததில்லை. பழவேற்காட்டிலிருந்து பொன்னேரி வரைக்கும் அவருக்கு அஞ்சு நிமிஷம் என்றுதான் பெயர். பஸ் ஸ்டாண்ட் எவ்வளவு தூரம் என்று கேட்டால் அஞ்சு நிமிஷம். ஆஸ்பத்திரி? அஞ்சு நிமிஷம். யாரோ ஒருவர் விளையாட்டாக விமான நிலையத்தைக் கேட்டபோது மட்டும் கொஞ்சம் யோசித்து, “டிராபிக் இல்லேன்னா அஞ்சு நிமிஷம்” என்றாராம்.

நான் அப்போது காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கணக்கராக இருந்தேன். பழவேற்காட்டில் வாடகை வீடு. சொந்த வீடு கட்டிப் போகலாம் என்று மனைவி சொன்ன மறுநாளே அஞ்சு நிமிஷம் தன் மொபெட்டோடு வாசலில் நின்றார். எப்படி மோப்பம் பிடித்தாரோ!

மெயின் ரோட்டிலிருந்து பிரிந்து வயல் நடுவே ஒரு மண் பாதை. மொபெட் போய்க்கொண்டே இருந்தது. என் இடுப்பு எலும்புகள் ஒவ்வொன்றாக விடைபெற்றுக்கொண்டன. கடைசியில் ‘மகாராஜா லேக் வியூ நகர்’ என்று ஒரு போர்டு தெரிந்தது. அதில் ஒரு பஸ் நிலையம், அழகான பஸ், அதற்குப் பின்னால் பனிமலை எல்லாம் வரைந்திருந்தது. போர்டுக்குக் கீழே இரண்டு எருமைகள் நின்றன.

“ஏரி எங்கேங்க?”

“மாடி கட்டினா தெரியும் சார்.”

“எத்தனை மாடி?”

அவர் மொபெட் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

“சரி, பஸ் ஸ்டாண்ட் அஞ்சு நிமிஷம்னீங்களே?”

“அதான் போர்டுல இருக்குதே சார்” என்றார்.

ஆனாலும் வாங்கினேன். அவர் பேசினால் எருமைகூட ஒரு மனை வாங்கியிருக்கும்.

என்னைப் போலவே ஏமாந்தவர் அஞ்சலை. லைட்ஹவுஸ் குப்பத்தில் அவர் கணவர் கடலுக்குப் போகிறவர். அஞ்சலை மீனைப் பொன்னேரிக்குக் கொண்டுபோய் விற்பார். ஒவ்வொரு மழைக்காலத்திலும் கடல் அவர் வீட்டு வாசல்வரை வந்து எட்டிப் பார்த்தது. போன மழையில் சமையலறைச் சுவரைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது. மகள் அப்போது பொன்னேரியில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். குப்பத்துக்கும் பொன்னேரிக்கும் நடுவில் ஒரு மனை கிடைத்தால், காலையில் பஸ் ஏறிப் போய் மீன் எடுக்கலாம், அப்படியே பொன்னேரிக்குப் போய் விற்கலாம், மகளும் சீக்கிரம் வீடு வந்துவிடுவாள். எல்லாக் கணக்கும் சரி. பஸ் ஒன்றுதான் இல்லை.

ஒருநாள் மனையைப் பார்த்துவிட்டு அப்படியே வியாபாரத்துக்குப் போகலாம் என்று தலையில் இறால் கூடையோடு அந்த மண் பாதையில் நடந்திருக்கிறார் அஞ்சலை. சித்திரை வெயில். மெயின் ரோட்டு டீக்கடைக்கு வந்து சேர்ந்தபோது அங்கே அஞ்சு நிமிஷம் பட்டர் பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தார். நானும் இருந்தேன்.

“இன்னா நைனா, அஞ்சு நிமிஷம்னு சொன்னியே! நான் நடந்து வர்றதுக்குள்ள எறா கூடையிலயே வெந்துபோச்சு. மசாலா தடவுனா துன்னுடலாம். துன்றியா?”

கடையே சிரித்தது. அஞ்சலை சிரிக்கவில்லை.

“மெய்யாலுமே சொல்லு. பஸ் எப்போ வரும்? இருக்கிறதெல்லாம் வித்துப் போட்டுட்டேன். திரும்பிப் போறதுக்கு அங்க கடல்தான் நிக்குது.”

எல்லோரும் அஞ்சு நிமிஷத்தின் வாயையே பார்த்தோம். அந்த இரண்டு வார்த்தையைச் சொல்லப்போகிறார் என்று நினைத்தோம். அவர் கடித்த பிஸ்கட்டைத் தட்டில் வைத்துவிட்டு, “தெரியலம்மா” என்றார்.

அன்றிலிருந்து மனை விற்பதை விட்டுவிட்டு, பஸ் பிடிக்கக் கிளம்பினார் மனிதர்.

பஸ் விடுகிற ஆபீஸில், “ஜனமும் இல்ல, நல்ல ரோடும் இல்ல. பஸ் எப்படிய்யா விடறது?” என்றார்கள். ஊர் எப்படி வளர வேண்டும் என்று திட்டம் போடுகிற ஆபீஸில், “பஸ் ரூட்டே இல்லாத இடத்துக்கு அகல ரோடு எதுக்கு?” என்றார்கள். இரண்டும் ஒரே கட்டடம். முன்னது கீழே, பின்னது மாடியில். அஞ்சு நிமிஷம் ஏறி இறங்கி ஏறி இறங்கி மெலிந்தே போனார். மாடி அதிகாரியும் கீழ் அதிகாரியும் ஒரே மெஸ்ஸில், முதுகோடு முதுகாக உட்கார்ந்து சாப்பிடுகிறவர்கள். ஒருவர் யாரென்று மற்றவருக்குத் தெரியாது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு நாள், இரண்டு பேரையும் தனித்தனியாக, “வந்து இடத்தைப் பாருங்க சார், அஞ்சு நிமிஷம்தான்” என்று சொல்லி ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிட்டார். லீவு போட்டுவிட்டு நானும் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டேன். பாதி வழியில் ஆட்டோ களிமண்ணில் உட்கார்ந்துவிட்டது. கீழ் அதிகாரி இறங்கினார். அவர் கால் மட்டும் மேலே வந்தது, செருப்பு வரவில்லை.

“இந்த ரோட்டுல பஸ் வருமாய்யா?” என்று கத்தினார்.

“நீங்க பஸ் விடறேன்னு எழுதிக் குடுத்தா நான் ரோட்டுக்குச் சொல்லுவேன்ல?” என்றார் மாடி அதிகாரி.

“நீங்க ரோடு போடறேன்னு குடுங்க, நான் பஸ் விடறேன்!”

“இத்தனை நாளா உங்க ஆபீஸ்லேருந்து எங்கிட்ட யாருமே கேக்கலியே!”

“உங்க ஆபீஸ்லேருந்து மட்டும் எங்கிட்ட கேட்டாங்களா?”

அஞ்சு நிமிஷம் சட்டைப் பையிலிருந்து இரண்டு வெள்ளைத் தாளும் ஒரு பேனாவும் எடுத்தார். “ரெண்டு பேரும் இப்பவே எழுதிடுங்க சார். ஆட்டோ தள்ள ஆளு வந்துகினே இருக்குது.”

ஆள் ஏற்கெனவே வந்திருந்தது. வரப்பில் அஞ்சலையும் குப்பத்துப் பெண்கள் நாலைந்து பேரும் இடுப்பில் கை வைத்து நின்றார்கள். “எழுதுங்க சார், எழுதுங்க. அப்பாலிக்கா தள்றோம்” என்றார் அஞ்சலை.

சேற்றில் செருப்பில்லாமல் நிற்கிறவர்கள் வேறென்ன செய்வார்கள்? எழுதினார்கள்.

ரோடு வந்தது. ஆனால் பஸ் ஆபீஸ் ஒரு நிபந்தனை போட்டது. அங்கே குடும்பங்கள் குடியிருக்க வேண்டும், பஸ்ஸில் ஆள் ஏற வேண்டும். இல்லையென்றால் நிறுத்திவிடுவார்கள். பஸ் வரட்டும், வீடு கட்டுகிறேன் என்று மனை வாங்கியவர்கள் எல்லோரும் காத்திருந்தோம். யார் முதலில் போவது?

பழவேற்காட்டில், கடைத்தெருவை ஒட்டின சொந்த வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, அந்த எருமைக் காட்டில் ஒரு ஷீட் வீடு கட்டினார் அஞ்சு நிமிஷம். அவர் மனைவி போட்ட சண்டை தெருமுனை வரைக்கும் கேட்டது. “உலகத்துல எந்த புரோக்கராச்சும் தான் வித்த இடத்துக்குக் குடி போறானா? நீ இன்னா லூசா?”

“கோச்சுக்காத. காத்து நல்லா வருது அங்க.”

“காத்து வருது, பாம்பும் வருது!”

ஆனாலும் அந்த அம்மாள் போனார். பக்கத்து மனையில் அஞ்சலை குடும்பம் வீடு கட்டியது. மூன்றாவது நாங்கள்.

பஸ் வந்த புதிதில் ஏறுவதற்கு ஆளே கிடையாது. அஞ்சு நிமிஷம் வேட்டி சட்டையோடு எல்லா டிரிப்பிலும் ஏறினார். காலையில் பொன்னேரி போவார், அதே பஸ்ஸில் திரும்புவார், மறுபடி ஏறுவார்.

“எங்க போவணும்?” என்பார் கண்டக்டர்.

“நீ எங்க போற?”

“பொன்னேரி.”

“நானும் அங்கதான். குடு.”

மீன் கூடை நாறுகிறது என்று கண்டக்டர் ஒருநாள் அஞ்சலையை ஏற்ற மறுத்தபோது, அஞ்சு நிமிஷம் கூடையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். “இப்ப நான்தான் நாறுறேன். என்னை எறக்கி வுடு பார்ப்போம்” என்றார். பஸ் கிளம்பியது. அவர் வேட்டி அதோடு போனது.

மெல்ல மெல்ல வீடுகள் முளைத்தன. ஒரு டெய்லர் வந்தார், ஒரு மருந்துக் கடை வந்தது. மனை விலை ஏறியதும், பஸ் நிற்கும் இடத்தை ஒட்டிய காலி மனைகளை மொத்தமாக வாங்கிக் கன்டெய்னர் அடுக்கி வைக்க ஒரு பார்ட்டி வந்தது. கமிஷன் மட்டுமே அவருடைய மிச்ச வாழ்க்கைக்குப் போதும். அஞ்சு நிமிஷம் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “உங்க டப்பா பஸ்ல ஏறுமா சார்?” வந்தவர்கள் விழித்தார்கள். “ஏறாதுல்ல? அப்போ இங்க வேணாம்.” கன்டெய்னர் கணக்கெழுதியே சோறு தின்ற நான், அன்றைக்குச் சிரித்த சிரிப்பில் புரையேறியது.

இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. பஸ் ஏறுவதை நிறுத்திவிட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் போதும், நிறுத்தத்தில் ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். ஏன் என்று கேட்டால், “டைமிங் பாக்குறேன் சார். இவனுங்கள நம்ப முடியாது” என்பார்.

நேற்று எனக்கு வேலை முடியக் கொஞ்சம் தாமதம். முந்தைய பஸ்ஸிலேயே அஞ்சலையின் மகள் வந்துவிட்டாளாம், டெய்லரும் வந்துவிட்டாராம். நான் இறங்கும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். “இன்னா சார், இவ்ளோ நேரம்?” என்று கேட்டார் அஞ்சு நிமிஷம். காரணத்தைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. நாற்காலியை மடக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து வீட்டைப் பார்த்து நடந்தார்.

எங்கள் நகரில் வீடு திரும்பவேண்டியவர்களில் நேற்று நான்தான் கடைசி.