ரைம்கீப்பரின் இரண்டு வயதுகள்

பிரபஞ்சத்தின் வயதைக் கொடிகாமம் பஸ் நிலையத்தில், பிளாஸ்டிக் கதிரையில் இருந்தபடி சரிபார்த்தவர் உலகத்திலேயே எங்கள் ரைம்கீப்பர் ஒருவர்தான். நேரக்காப்பாளராக மினிபஸ்களை நேரத்துக்கு அனுப்புவது அவர் வேலை. பெயரை யாரும் கேட்டதில்லை.

பருத்தித்துறை பஸ் பிந்தி வந்தால் சாரதியின் சாட்டு எதையும் அவர் கேட்கமாட்டார். தூரத்தை வேகத்தால் வகுத்து, அது எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது என்று தானே சொல்லிவிடுவார்.

ஒருநாள் பஸ்ஸுக்காகக் காத்திருந்த நான், கையிலிருந்த பத்திரிகையை அவருக்கு வாசித்துக் காட்டினேன். விண்மீன் கூட்டங்கள் விலகி ஓடுகின்றன. அந்த ஓட்டத்தைப் பின்னோக்கிக் கணக்கிட்டால், பிரபஞ்சத்துக்கு ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்றெண்பது கோடி வயது.

“உந்தக் கணக்கைத்தானே நான் முப்பது வரியமாச் செய்யிறன்” என்றார். பிறகு முகம் சுருங்கியது. “ஒரே வேகத்திலையோ ஓடினது?”

“இல்லை அண்ணை. முதல் வேகம் குறைஞ்சு, பிறகு கூடினதாம்.”

“அதுதானே பாத்தன். நெல்லியடியிலை ஆள் ஏத்த ஊர்ந்து வருவாங்கள். பின்னாலை மற்ற பஸ்ஸைக் கண்டால் பறப்பாங்கள். அதையும் கணக்கிலை சேர்த்தவையோ?”

சேர்த்ததாகச் சொன்னேன். கிட்ட உள்ள விண்மீன்களை வைத்துக் கணக்கிட்டால் ஒரு வயதும், பிரபஞ்சத்தின் ஆதி வெளிச்சத்தை வைத்துக் கணக்கிட்டால் சற்றே வேறான வயதும் வருகிறதாம் என்பதையும் வாசித்தேன். அன்றிலிருந்து விஞ்ஞானிகள்மேல் அவருக்கு ஒரு மரியாதை வந்தது.

அந்த மரியாதை கைகொடுக்கும் நாளும் வந்தது. எழுபது தாண்டியவர்கள் வேலையில் இருக்கக் கூடாது என்று பஸ் சங்கம் முடிவெடுத்தது. அவருடைய பிறப்புச் சான்றிதழோ இடப்பெயர்வில் தொலைந்துவிட்டது. பள்ளிக்கூடப் பதிவின்படி வயது அறுபத்தெட்டு. அவருடைய அக்காவின் கணக்கில் எழுபத்தொன்று. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வயதைக் குறைத்துச் சொல்வது அந்தக் காலத்து வழக்கம். வீட்டில் அவருக்கென்று யாருமில்லை. கதிரை போனால் விடிந்ததும் போக அவருக்கு ஓர் இடமில்லை.

பஸ் நிலையத்திலேயே கூட்டம் நடந்தது.

“ரெண்டிலை எது சரி, அண்ணை?” என்று கேட்டார் சங்கத் தலைவர்.

“கிட்ட நிக்கிற வெள்ளியளைப் பாத்தால் பிரபஞ்சத்துக்கு ஒரு வயசு. ஆதி வெளிச்சத்தைப் பாத்தால் இன்னொரு வயசு. உலகத்து விஞ்ஞானியளுக்கே முடிவு தெரியேல்லை. அவை முதல் ஒரு முடிவுக்கு வரட்டும். பிறகு நான் எழும்பிறன்.”

தலைவர் என்னைப் பார்த்தார். “உண்மையோ?”

“ஓம்” என்றேன். அவர் வேறு வழியில்லாமல், விஞ்ஞானிகள் முடிவெடுக்கும்வரை விடயத்தை ஒத்திவைத்தார்.

இரண்டு கணக்கும் இப்போது நெருங்கி வருவதாகச் சிலர் சொல்கிறார்கள் என்று நான் அவருக்கு வாசித்த அந்தச் செய்தியின் கடைசிப் பந்தியில் இருந்தது. அதை நான் அன்றும் வாசித்துக் காட்டவில்லை, இன்றும் காட்டவில்லை. காலையில் நான் பஸ் ஏறும்போது அந்தக் கதிரையில் அவர் இருக்க வேண்டும்.