ஏழாம் நம்பர் கட்டம்

வண்டியிலிருந்து இறங்கிய பதினெட்டுப் பேரில் ஒருவர்கூடப் பூவைப் பார்க்கவில்லை. வழிகாட்டி குரலை உயர்த்தினார்.

"இதோ, இந்த ஊதாப்பூ வருஷத்துல மூணே நாள்தான் பூக்கும்!"

"அப்படியா?" என்று கொட்டாவி விட்டார் பல் டாக்டர். தையல்காரம்மா தன் நாத்தனாரிடம் வெயிலைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தாள்.

காலையில்தான் மேலதிகாரி போனில் காய்ச்சி எடுத்திருந்தார். "இன்னிக்குப் பத்துப் பேராவது சேரலைன்னா இந்தப் பூ உலாவை இழுத்து மூடிடு. திங்கட்கிழமையிலேருந்து தபால் பிரிவுல வந்து உட்காரு."

விஷயம் இதுதான். பூக் கணக்கெடுப்புக்காகப் புல்வெளிக் காப்பகத்தின் ஒரு பகுதியை ஒன்பது வருடத்துக்கு முன்பே முளையடித்துக் கயிறு கட்டி, இருபத்துநாலு கட்டங்களாகப் பிரித்து நம்பர் போட்டிருந்தார் வழிகாட்டி. இப்போது பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொரு கட்டத்தைத் தத்தெடுத்து, மாதாமாதம் வந்து பூக்களை எண்ண வேண்டும். ஒரு மாதமாகப் பதிவேட்டில் இருந்தது ஒரே பெயர். அதுவும் அவர் மனைவியுடையது. அவளும் மனசார எழுதவில்லை.

பூ எடுபடாததால் மண்ணுக்குத் தாவினார்.

"நல்ல கரிசல் மண்ணுங்க இது."

பதினெட்டுத் தலைகளும் திரும்பின.

"தண்ணி எத்தனை அடியில சார்?" என்றார் டாக்டர்.

"புல்லோட வேரே எட்டடி போகும். தண்ணி அதுக்கும் கீழ."

"மழை பெஞ்சா நிக்குமா?"

"சொட்டு நிக்காது. வேர் உறிஞ்சிடும்!"

கூட்டம் தலையாட்டியது. ஒன்பது வருடத்தில் அவரிடம் யாரும் இப்படிக் கேட்டதே இல்லை. 'தத்து' என்று சொன்னாலே போன வாரக் கும்பல் ஓடியது நினைவுக்கு வந்ததால், அந்த வார்த்தையை விழுங்கிவிட்டார்.

"பிடிச்ச கட்டத்தைச் சொல்லுங்க, உங்க பேர்ல எழுதிடறேன். அப்பப்ப வந்து பாத்துக்கிட்டாப் போதும்."

"ஏழு எனக்கு! மூலைக் கட்டம்!" தையல்காரம்மா கயிற்றைத் தாண்டிக் குதித்தாள்.

"அண்ணி, நான்தான் முதல்ல பாத்தேன்!" நாத்தனாரும் குதித்தாள்.

"ஐயோ, பூவை மிதிக்காதீங்கம்மா!"

"பூ கிடக்கட்டும் சார். முதல்ல பேரை எழுதுங்க."

நாத்தனாருக்கு எட்டாம் நம்பரைக் கொடுத்துச் சமாளித்தார்.

"நமக்குள்ள நடுவுல கயிறு எதுக்குடி?" என்று குழைந்தாள் தையல்காரம்மா.

"இருக்கட்டும் அண்ணி. கயிறு இருந்தாத்தான் நாம பேசிக்கிட்டிருப்போம்."

அதற்குள் டாக்டர் பையிலிருந்து டேப்பை எடுத்து ஒன்பதாம் கட்டத்தை அளந்திருந்தார்.

"நாப்பதுக்கு முப்பதுன்னு பலகையில போட்டிருக்கு. அரையடி குறையுதே சார்!"

விஞ்ஞானத்தில் இப்படி ஒரு துல்லியமா! நெகிழ்ந்துபோன வழிகாட்டி, தன் கையாலேயே முளையைப் பிடுங்கி அரையடி தள்ளி அடித்தார். பத்தாம் கட்டக்காரர் சும்மா இருப்பாரா? அவருக்காகப் பதினொன்றில் கை வைக்க வேண்டியதாயிற்று. மதியத்துக்குள் எல்லா முளைகளும் இடம் மாறியிருந்தன. அந்த முளைகளை நம்பித்தான் ஒன்பது வருடக் கணக்கெடுப்பே நடந்திருந்தது. அவருக்குப் பகீரென்றது.

ஆனால் பதிவேட்டில் பதினெட்டுப் புதுப் பெயர்கள் இருந்தன! போனை எடுத்தார்.

"சார், பதினெட்டுப் பேர்! கட்டத்துக்கு அடிச்சுக்கறாங்க!"

"பொய் சொல்லாதேய்யா."

"மச்சினனுக்கு ஒண்ணு கிடைக்குமான்னு கேக்கறாங்க சார்!"

"மக்களுக்குப் பூ மேல இவ்வளவு ஆசையா! உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்யா. உலா நடக்கட்டும்."

வழிகாட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டார். எல்லாருமே தத்தம் கட்டத்துக்குள் நின்று புல்தரையைப் பாசத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதற்காகத்தானே இத்தனை வருடம் பாடுபட்டார்!

வண்டியில் தூங்கிக்கொண்டிருந்த டிரைவர் கையில் போனோடு ஓடிவந்தார்.

"சார், காலையில ஆளுங்க வண்டி மாறி ஏறிட்டாங்களாம், இவங்கல்லாம் மனை வாங்க வந்தவங்க. நம்ம ஆளுங்க அங்க குப்புறப் படுத்துப் புல்லை எண்ணிக்கிட்டிருக்காங்க, ஒரு மனைகூட விக்கலைன்னு அந்த மனைக்காரர் போன்ல அழறாரு!"