பிள்ளை வாயைத் திறக்குமுன்

உலகத்தில் முந்திரிக்கொட்டைகள் பல ரகம். அதில் உச்சாணிக் கொம்பில் உட்கார்ந்திருப்பவர், பிள்ளைக்குப் பதிலாகப் பேசும் அப்பா. பார்த்ததே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். மாடிப்படியில் எதிரே வரும் குழந்தையிடம் குனிந்து “உன் பேரென்ன கண்ணா?” என்று கேட்டுப் பாருங்கள். குழந்தை உங்களை ஏற இறங்கப் பார்த்து, உங்கள் மூக்குக்கண்ணாடியை ஆராய்ந்து, இந்த ஆளை நம்பலாமா என்று யோசித்து, உதட்டைப் பிரிக்கப் போகும் சமயத்தில், மேலேயிருந்து ஒரு குரல் பெயர், வயது, பிடித்த நிறம், நேற்று வயிறு சரியில்லாமல் போன விவரம் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்துவிடும். கேட்டது யாரை? சொன்னது யார்?

எனக்குத் தெரிந்த ஒருவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். அங்கே பஸ்ஸுக்காகப் பேசுவார், வீட்டுக்கு வந்தால் பிள்ளைக்காக. மகனுக்கு மூன்று வயது முடிந்துவிட்டது; விரலை நீட்டுவான், “ம்” என்பான், அவ்வளவுதான். உடனே அறிவிப்பு வரும்: “தண்ணி கேக்கறான்! இல்ல இல்ல, ஜன்னலைத் திறக்கச் சொல்றான்!” யாராவது கவலைப்பட்டால், “எங்க பரம்பரையே லேட்டாத்தான் பேசும்” என்பார். லேட்டாக ஆரம்பித்தவர் இன்னும் நிறுத்தவில்லை. அவர் மனைவிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த வாயிலிருந்து ஒரே ஒரு தரம் ‘அம்மா’ என்று கேட்டுவிட மாட்டோமா என்று ஏங்கிப் போய், பேச்சுப் பயிற்சி தரும் பெண்ணிடம் இருவரையும் இழுத்துக்கொண்டு போனார்.

பயிற்சியாளர் ஒரு பொம்மையைத் தூக்கிக் காட்டினார். “இது என்னடா தங்கம்?”

“பஸ்!” என்றார் அப்பா.

“இது?”

“யானை! அவனுக்கு எல்லாம் தெரியும் மேடம், கூச்சம்.”

“சார், பரீட்சை உங்களுக்கில்ல. காது நல்லாக் கேக்குது, பேச்சுதான் தாமதம். அதுக்குக் காரணம் நீங்க இல்ல, பயிற்சி கொடுக்கலாம். ஆனா அவன் முறை வரும்போது…”

“அவனுக்கு விடணும், அதானே மேடம்?”

பயிற்சியாளர் ஒரு டம்ளர் தண்ணீரை அவரிடம் நீட்டினார். “ஒரு மடக்கு வாயில வெச்சுக்குங்க. முழுங்கக் கூடாது.”

பந்தை எடுத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். பையன் விரலை நீட்டினான். “ம்.” அப்பாவைப் பார்த்தான். கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்கி, காது சிவந்து நிற்கிறார்; அறிவிப்பைக் காணோம். மறுபடியும் “ம்.” சுவர்க் கடிகாரம் மட்டும் பேசிக்கொண்டிருந்தது. அம்மா புடவைத் தலைப்பைக் கசக்கிப் பிழிந்துகொண்டிருந்தார். பையன் பந்தைப் பார்த்தான், உப்பிய அப்பாவைப் பார்த்தான், இந்த ஆளால் இனி பிரயோஜனமில்லை என்று முடிவு கட்டினான். அம்மா பக்கம் திரும்பினான்.

“ம்மா… தா.”

அவ்வளவுதான், தண்ணீர் பீறிட்டு மேஜை, யானை, பஸ், பயிற்சியாளர் எல்லாவற்றையும் நனைத்தது. “பந்தை எடுத்துத் தாம்மான்னு கேக்கறான்!” என்று கூவினார் அப்பா.

“எனக்கும் காது இருக்குங்க,” என்றார் அம்மா, அழுதுகொண்டே, சிரித்துக்கொண்டே, பையனை வாரி எடுத்துக்கொண்டே.

நல்லவேளை, நாம் அப்படியில்லை என்று பெருமூச்சு விடுகிறீர்களா? திக்கிப் பேசும் நண்பரின் வாக்கியத்தைப் போன வாரம் முடித்து வைத்தது யார்? அது போகட்டும். பையன் திரும்பியதுமே அவன் என்ன சொல்லப் போகிறான் என்று நான் சொல்லுமுன் மனசுக்குள் சொல்லிவிட்டீர்களே, அது? பக்கத்தில் தண்ணீர் இருக்கும். ஒரு மடக்கு எடுத்துக்கொள்ளுங்கள்.

முழுங்காதீர்கள்.